ஸ்பீட்வே ஆவணப்படம் வந்தால் கிளப் ரசிகர்களுக்குள் ஏன் சண்டை? – வாசகர் கேள்வி பதில்

மோட்டார் பந்தயப் பகுதிக்கு வந்த கடிதங்களில், ஸ்பீட்வே (நீள்வட்ட மண் தடத்தில் நடக்கும் பைக் பந்தயம்) கிளப்புகளைப் பற்றிய ஆவணப்படங்கள் தொடர்பான கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம்.

கேள்வி (கோவை வாசகர்): இங்கிலாந்து ஸ்பீட்வே கிளப்புகளைப் பற்றிய ஆவணப்படங்களை விரும்பிப் பார்க்கிறேன். எனக்குப் பிடித்த படத்தையே அந்தந்த கிளப்பின் பழைய ரசிகர்கள் திட்டித் தீர்க்கிறார்கள். இன்னொரு கூட்டம் கண்ணீர் விட்டுப் பாராட்டுகிறது. என் கண்ணுக்குப் படாத எதை அவர்கள் பார்க்கிறார்கள்?

பதில்: ஒரு லீக் ஆட்டத்தின் நேரக் கணக்கைப் பாருங்கள். பிரிட்டிஷ் லீக்கில் ஒரு ஆட்டம் 15 ஹீட், அதாவது 15 குறு ஓட்டங்கள். ஒவ்வொரு ஹீட்டிலும் அணிக்கு இருவராக நான்கு பேர், நான்கு சுற்று. ஒரு ஹீட் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆக, மைதானத்தில் கழியும் இரண்டு மணி நேரத்தில் பந்தயம் ஓடுவது கால் மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் டிராக்டர் தடத்தைச் சீராக்கும், வண்டிகளைத் தயார் செய்யும் பிட்ஸில் மெக்கானிக் ஸ்பிராக்கெட் (சங்கிலிப் பற்சக்கரம்) மாற்றுவார், மேலாளர் அடுத்த ஹீட்டுக்கு யாரை இறக்கலாம் என்று கணக்குப் போடுவார். பழைய ரசிகர் கையில் நிகழ்ச்சி நிரலும் பேனாவும் இருக்கும். ஒவ்வொரு ஹீட் முடிந்ததும் புள்ளிகளைக் கட்டத்தில் எழுதிக்கொண்டே வருவார். அவருக்கு அந்த இரண்டு மணி நேரமும் ஆட்டம்தான்.

படம் எடுப்பவர் அந்தக் கால் மணி நேரத்தை எடுத்து, அதிலும் விழுந்த காட்சிகளைப் பொறுக்கி வைத்தால், ரசிகருக்குத் தன் கிளப்பே படத்தில் இல்லை என்று தோன்றுகிறது. புதிதாகப் பார்ப்பவருக்கோ மனிதர்கள் கிடைத்துவிடுகிறார்கள். சம்பளம் வாங்காமல் நுழைவாயிலில் நிற்கும் முதியவர், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் ஓட்டும் இளைஞன், விற்பனைக்குப் போகும் மைதானம். அவர்கள் உருகுவதும் உண்மையான உணர்வுதான்.

எங்கள் கருத்து இது: தடமும் வண்டியும் படத்தில் இல்லையே என்று பழைய ரசிகர்கள் சொன்னால், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நாங்கள் வென்ற கோப்பையைக் காட்டவில்லையே என்ற கோபம் அந்த அளவுக்கு நியாயமல்ல. கோப்பைகளின் பட்டியலைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். ஈரமான தடத்தில் பின்சக்கரம் என்ன செய்கிறது என்பதைக் காட்ட கேமராவால்தான் முடியும்.

கேள்வி (திருப்பூர் வாசகர்): ஸ்பீட்வே பைக்குக்கு பிரேக் இல்லை என்பது உண்மையா? கோவை செட்டிபாளையத்துத் தடத்தில் இதை நடத்த முடியுமா?

பதில்: பிரேக் இல்லை, உண்மைதான். வண்டியில் ஒரே கியர், ஒரு கிளட்ச். 500 சிசி ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், எரிபொருள் சுத்தமான மெத்தனால். வண்டியின் எடை 77 கிலோவுக்குக் குறையக் கூடாது. முன்சக்கரம் 23 அங்குலம், பின்சக்கரம் 19 அங்குலம். எப்போதும் இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும், அதனால் இடது பூட்ஸுக்கு அடியில் எஃகுத் தகடு மாட்டுவார்கள். அந்தக் காலைத் தரையில் தேய்த்தபடி, பின்சக்கரத்தை வெளிப்பக்கமாகச் சறுக்கவிட்டு, ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பி வளைவைக் கடப்பார்கள். வேகத்தைக் குறைக்கவும் அந்தச் சறுக்கல்தான் உதவுகிறது.

செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள தார்த் தடம். நீங்கள் கேட்கும் பந்தயத்துக்கு 260 முதல் 425 மீட்டருக்குள் அடங்கும் நீள்வட்ட மண் தடம் வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் அங்கே இதை நடத்த முடியாது.

கேள்வி (சென்னை வாசகர்): விபத்துக் காட்சிகள் அதிகம் என்பதுதான் ரசிகர்களின் முதல் குறை. ஆனால் ஆபத்தான விளையாட்டில் விபத்தைக் காட்டாமல் எப்படி இருக்க முடியும்?

பதில்: காட்டத்தான் வேண்டும். காட்டும் விதத்தில்தான் தகராறு. பெரும்பாலும் விழுந்த கணத்தை மட்டும் மெதுவாக்கி, தடுப்புக்கு வெளியிலிருந்து எடுத்த கோணத்தில் மூன்று முறை ஓட்டுகிறார்கள். விபத்தின் காரணம் அதற்கு இரண்டு விநாடி முன்னால் இருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிடுகிறார்கள்.

சறுக்கும் பைக் நிலையாக இருப்பது பின்சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டே மண்ணில் வழுக்குவதால். மண் குவிந்த இடத்திலோ, ஈரம் அதிகமான திட்டிலோ, முந்தைய ஹீட்டில் விழுந்த பள்ளத்திலோ சக்கரம் ஏறினால் திடீரெனப் பிடிப்பு கிடைத்துவிடும். பைக் நிமிரும், முன்சக்கரம் மேலே எழும், வண்டி வளைவை மறந்து நேராகத் தடுப்பை நோக்கிப் பாயும். அந்த நேரத்தில் பயந்து திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) முழுவதும் மூடினால் இன்னும் மோசம். சுழற்சி நின்று பிடிப்பு மேலும் கூடும், வீரரை வண்டி மேலே தூக்கி எறியும். புதியவர்கள் அடிக்கடி விழுவதற்கு இது முக்கியமான காரணம். அனுபவசாலி திராட்டிலைச் சிறிதளவு மட்டும் தளர்த்தி, உடல் எடையைப் பின்னுக்குக் கொண்டுபோவார். அதுவும் உதவாது என்று தெரிந்தால் வண்டியைத் தானே தரையில் சாய்த்துவிடுவார். முன்னால் விழுந்து கிடப்பவர் மேல் ஏறாமல் இருக்க வேண்டுமென்றே வண்டியைச் சாய்ப்பது இந்த விளையாட்டின் மிகப் பெரிய நாகரிகம். படத்தில் அதையும் ‘இன்னொரு விபத்து’ என்று சேர்த்துவிடும்போது ரசிகர்களுக்கு வரும் கோபத்தை நாங்கள் முழுமையாக ஏற்கிறோம்.

முதல் வளைவு வேறு கதை. தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய டேப் எழும்பி சில விநாடிகளில் நான்கு வண்டிகளும் ஒரே இடத்துக்குள் நுழையப் பார்க்கின்றன. அங்கே யார் மீதும் தவறில்லாமல் நெரிசலில் ஒருவர் விழுந்தால் நடுவர் நால்வரையும் வைத்தே மறு ஓட்டம் அறிவிக்கலாம். மற்ற இடங்களில் பந்தயம் நிற்கக் காரணமானவர் விலக்கப்படுவார். இதைப் படத்தில் சொல்லாவிட்டால், மறு ஓட்டத்தில் சில சமயம் மூன்று பேர், சில சமயம் நான்கு பேர் வருவது ஏன் என்று பார்வையாளருக்கு விளங்காது.

கேள்வி (மதுரை வாசகர்): மெத்தனால் தீப்பிடித்தால் தெரியாதாமே?

பதில்: பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாது. புகையும் இல்லை. வீரர் காரணமில்லாமல் துள்ளுவதும் காற்று அலை போல் நடுங்குவதும்தான் அடையாளம். தண்ணீரோடு கலந்துவிடும் என்பதால் நிறையத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம். எஞ்சின் குளிர்ச்சியாக இருப்பதற்கும் மெத்தனால்தான் காரணம். பெட்ரோலுக்கு எடை விகிதத்தில் காற்று ஏறத்தாழ 14.7 மடங்கு வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 மடங்கு போதும். அதனால் ஒரே அளவு காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருள் உள்ளே போகிறது. அது ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி (சேலம் வாசகர்): பழைய காட்சிகளைத் தப்பும் தவறுமாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று ரசிகர்கள் குறை சொல்வதைப் பார்க்கிறேன். நம்மைப் போன்றவர்கள் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கொஞ்சம் பழகினால் யாராலும் முடியும். முதலில் திசையைப் பாருங்கள். பந்தயம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடும். வண்டி வலப்பக்கம் திரும்பினால், எஃகுத் தகடு வலது காலில் இருந்தால், மார்பில் உள்ள சின்னத்தின் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல் இடவலம் மாறித் தெரிந்தால் படச்சுருளைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது ஹெல்மெட் நிறம். பிரிட்டிஷ் லீக்கில் சொந்த அணிக்குச் சிவப்பும் நீலமும், வந்த அணிக்கு வெள்ளையும் மஞ்சளும். டேப்பில் சிவப்பு ஹெல்மெட்டோடு நின்றவர் இரண்டாம் வளைவில் மஞ்சளோடு வந்தால் அது வேறு ஹீட், ஒருவேளை வேறு ஊர். சொந்த மைதானம் என்று சொல்லிவிட்டு நாயகனுக்கு வெள்ளை ஹெல்மெட் இருந்தாலும் அப்படித்தான்.

மூன்றாவது எஞ்சின். இரண்டாம் உலகப் போருக்கு முன்பும் பின்பும் நீண்ட காலம் இங்கிலாந்தின் ஜாப் எஞ்சின் கோலோச்சியது. பிறகு செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா, 1970களின் நடுவில் நான்கு வால்வு வெஸ்லேக், அதன்பின் இத்தாலியின் ஜிஎம். 1990களின் நடுப்பகுதி வரை சிலிண்டர் நிமிர்ந்தே நின்றது. அதற்குப் பிறகு முன்பக்கமாகப் படுக்கவைத்த எஞ்சின் பரவியது. 2005-ஆம் ஆண்டு என்று எழுத்து வரும்போது முன்னணி வீரர்கள் எல்லோரும் நிமிர்ந்த எஞ்சினில் ஓடினால் காட்சி பழையது.

நான்காவது ஒலி. ஒரே கியர் வண்டியில் கியர் மாற்றும் ஓசை வரவே வராது. அப்படிக் கேட்டால் வேறு பந்தயத்தின் ஒலியை ஒட்டியிருக்கிறார்கள். மௌனப் படக் காலத்துக் காட்சிகள் துள்ளித் துள்ளி ஓடுவதற்குக் காரணம், குறைந்த வேகத்தில் பிடித்த படத்தை நொடிக்கு 24 சட்டங்களாக (பிரேம்களாக) ஓட்டுவது. வேகத்தைத் திருத்திப் போட்டால் அந்தக் கால ஓட்டத்தின் அழகே தனி.

இன்னொன்று, கதை சொல்வதில் வரும் பிழை. ஏழு பேர் கொண்ட அணியில் 6, 7-ஆம் எண்கள் மாற்று வீரர்கள். வழக்கமாக இரண்டாவது ஹீட் அவர்களுடையது. பதினைந்தாவது ஹீட்டுக்கு மேலாளர் தன் சிறந்த இருவரைத் தேர்ந்து அனுப்புவார். இரண்டாவது ஹீட்டை ‘ஆட்டத்தின் உச்சம்’ என்று பின்னணிக் குரல் சொன்னால் கூட்டத்தில் பாதிப் பேர் அந்த இடத்திலேயே நம்பிக்கை இழந்துவிடுவார்கள்.

கேள்வி (ஈரோடு வாசகர்): 5-1, 46-44 என்றெல்லாம் சொல்கிறார்களே?

பதில்: முதலிடத்துக்கு 3, அடுத்து 2, 1, 0. ஒரு ஹீட்டில் 6 புள்ளி, 15 ஹீட்டில் 90. அணியின் இருவரும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தால் 5-1. ஆட்டத்தை வெல்ல 46 வேண்டும், 45-45 என்றால் சமன். எதிரணியில் ஒருவரையாவது முந்தி, தன் ஜோடிக்கு அடுத்தபடியாக வந்தவருக்குத் தனிக் கணக்கில் ஒரு போனஸ் புள்ளி உண்டு, அணிக் கணக்கில் சேராது. ஜோடியை முந்தாமல் பின்னால் காவல் காத்தவருக்கு அது மரியாதை.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): தடத்தைத் தயார் செய்பவரைப் பத்து விநாடிகூடக் காட்டவில்லை என்று ஒரு ரசிகர் புலம்பியிருந்தார். மண்ணைச் சமன் செய்வதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: அந்த ரசிகரின் பக்கம் நிற்கிறோம். ஆட்டம் நன்றாக இருப்பதும் கெட்டுப்போவதும் பாதி அவர் கையில்தான். விவசாயப் பூமியிலிருந்து கேட்கிறீர்கள், உங்களுக்கு இது சட்டென்று புரியும்.

கீழே கெட்டியான கல் அடித்தளம். அதன் மேல் பிரிட்டனில் ஷேல் எனப்படும் உடைத்த களிப்பாறைத் துகள், வேறு பல நாடுகளில் கிரானைட் துகள். களித்தன்மை குறைந்தால் துகள்கள் ஒட்டாமல் உருண்டு ஓடும். அதிகமானால் ஈரத்தில் வழுக்கும், காய்ந்தால் ஓடு போல் இறுகிவிடும். ஈரம் மேலே நின்றால் போதாது, அடிவரை இறங்க வேண்டும். அதற்கு ஆட்ட நாளன்று தண்ணீரைக் கொட்டினால் நடக்காது. முந்தைய நாட்களிலேயே கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஊறவைக்க வேண்டும். ஆட்ட நாள் காலையில் மேல்மண்ணைக் கீறிக் கிளறி, பிளேடால் பரப்பி, டிராக்டர் சக்கரங்களை அடுத்தடுத்த கோடுகளில் ஓட்டி அழுத்துவார்கள். பிறகு மெல்லிய தெளிப்பு.

ஆட்டம் தொடங்கியதும் சக்கரங்கள் உள்வரிசை மண்ணை வெளிப்பக்கம் எறிந்துகொண்டே இருக்கும். சில ஹீட்டுகளுக்குள் உள்ளே வழுக்குத் தரை, தடுப்பை ஒட்டி மண் மேடு. உள்வழி குறுகியது, ஆனால் பிடிப்பில்லை. வெளிவழி நீளம், ஆனால் பிடிப்பு உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இழுபறியில்தான் முந்தும் வாய்ப்பு பிறக்கிறது. ஏறத்தாழ நான்கு ஹீட்டுக்கு ஒருமுறை டிராக்டர் இறங்கி மண்ணை உள்ளே இழுத்துவிடும். அது சரியாக நடக்காவிட்டால், டேப்பில் முந்தியவர் கடைசி வரை முந்தியவராகவே இருப்பார், மற்ற மூவரும் வரிசையில் பின்தொடர்வார்கள். இடைவேளையில் தண்ணீர் அதிகமாகிவிட்டால் அடுத்த இரண்டு ஹீட்டில் பள்ளங்கள் விழும். குறைந்தால் தூசி கிளம்பி, மூன்றாவது நான்காவது வீரர்கள் எதையும் பார்க்காமல் ஓட்டுவார்கள்.

மான்செஸ்டர் பெல் வூ கிளப்புக்குக் கட்டப்பட்ட தேசிய ஸ்பீட்வே அரங்கம் 2016 மார்ச்சில் திறப்பு விழா கண்டபோது என்ன நடந்தது தெரியுமா? அரங்கம் நிறையக் கூட்டம், எல்லாம் புதிது. தடம் ஓட்டுவதற்குத் தகுதியில்லை என்று அன்றைய பந்தயமே ரத்தானது. பின்னர் சரிசெய்யப்பட்ட அதே தடம் இன்று பிரிட்டனின் மிகச் சிறந்த பந்தயத் தடங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. இதைவிட நல்ல ஆவணப்படக் கரு வேறு எங்கே கிடைக்கும்?

வீரரும் மெக்கானிக்கும் இந்த மண்ணைப் பார்த்துத்தான் வண்டியை மாற்றுகிறார்கள். பின் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் இழுப்பு கூடும், உச்ச வேகம் குறையும். தடம் வழுக்கத் தொடங்கினால் இக்னிஷன் டைமிங்கை (எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறியின் நேரத்தை) சற்றுத் தாமதமாக்கி எஞ்சினின் முரட்டுத்தனத்தைக் குறைப்பார்கள். பின் டயரின் ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்வதால் அதைத் திருப்பிப் போடுவார்கள். கிளட்ச் சூடேறி ஒட்டினால் டேப்பில் நிற்கும்போதே வண்டி முன்னால் ஊர்ந்து டேப்பைத் தொட்டுவிடும், தண்டனை வரும். பிட்ஸில் கேமராவை வைத்து இந்த ஐந்து நிமிடத்தை வெட்டாமல் காட்டும் படத்துக்கு எந்த ரசிகரும் குறை சொல்ல மாட்டார்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): ‘அந்த வாசனை இல்லையே’ என்று ஏங்குகிறார்களே, என்ன வாசனை?

பதில்: நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். ஆமணக்கிலிருந்து எடுத்த மசகு எண்ணெய் மெத்தனாலோடு சேர்ந்து எரியும்போது வரும் இனிப்பான புகை வாசனை. பழைய எஞ்சின்களில் அதுதான் புழக்கம். பெட்ரோலில் சரியாகக் கலக்காத ஆமணக்கெண்ணெய் மெத்தனாலில் நன்றாகக் கலக்கும். ஒலியைப் பற்றியும் இதே ஏக்கம் உண்டு. சைலன்சர் விதிகள் படிப்படியாக இறுகியதில் பழைய முழக்கம் அடங்கிவிட்டது. குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள மைதானங்களுக்கு வேறு வழியும் இல்லை.

கேள்வி (திருச்சி வாசகர்): எல்லாப் படங்களும் மைதானம் மூடப்படுவதில் முடிகின்றன. ‘கூட்டம் குறைந்தது, கிளப் செத்தது’ என்று சொன்னால் ரசிகர்கள் ஏன் சீறுகிறார்கள்?

பதில்: அந்த வரி பாதி உண்மை என்பதால். பெரும்பாலான பிரிட்டிஷ் கிளப்புகளுக்கு மைதானம் சொந்தமில்லை. பல கிளப்புகள் நாய்ப் பந்தய அரங்குகளில் வாடகைக்கு, வாரத்தில் ஓர் இரவு. நிலத்தின் விலை ஏறும்போது வாடகைதாரர் எவ்வளவு கூட்டம் சேர்த்தாலும் உரிமையாளரின் கணக்கு வேறாகத்தான் இருக்கும்.

கிராட்லி ஹீத் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1981, 1983-இல் பிரிட்டிஷ் லீக் பட்டம். அமெரிக்கரான புரூஸ் பென்ஹால் இந்த கிளப்பின் வீரராக இருந்தபோதுதான் 1981, 1982-இல் உலகச் சாம்பியன். டென்மார்க்கின் எரிக் குண்டர்சன் 1984, 1985, 1988. யான் பெடர்சன் 1991. இத்தனை பேரைக் கொண்டிருந்த கிளப் 1995-உடன் டட்லி வுட் மைதானத்தை இழந்தது. அங்கே இப்போது வீடுகள். 2010-இல் கீழ்நிலை லீக்கில் மீண்டும் உயிர்பெற்றபோது, சொந்தத் தடம் இல்லாததால் பரம எதிரியான உல்வர்ஹாம்ப்டனின் மன்மோர் கிரீனில் ஓட வேண்டியிருந்தது. அந்த மன்மோர் கிரீனிலும் 2023-உடன் ஸ்பீட்வே நின்றது. கவென்ட்ரி பீஸ் கிளப் 2005, 2007, 2010-இல் நாட்டின் முதல்நிலைச் சாம்பியன். 2016-க்குப் பிறகு பிராண்டன் அரங்கம் பூட்டப்பட்டுச் சிதைந்தது. அங்கே வீடு கட்டும் திட்டத்துக்கு ரக்பி வட்டார மன்றம் 2022-இல் அனுமதி மறுத்ததில் ரசிகர்களின் தொடர்ந்த போராட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. லண்டன் விம்பிள்டனில் பழைய அரங்கம் இடிக்கப்பட்ட இடத்தில் 2020 முதல் கால்பந்து மைதானம்.

சாம்பியன் பட்டம் வென்ற சில ஆண்டுகளிலேயே மைதானம் பறிபோன கிளப்பைப் பற்றி ‘ரசிகர்கள் கைவிட்டார்கள்’ என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அதே சமயம் கூட்டம் குறைந்ததும் பொய்யில்லை. 1950களில் கேளிக்கை வரியும் தொலைக்காட்சியும் பல கிளப்புகளை விழுங்கின. இன்று பணமும் பெருங்கூட்டமும் போலந்து லீக்கில் இருக்கின்றன. குத்தகை யார் பெயரில், எத்தனை ஆண்டுக்கு, எந்த இரவு, நிலம் எப்போது கைமாறியது என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடாத படம் சோகப் பாட்டை மட்டும் போட்டுவிட்டுப் போகிறது. அதைப் பார்த்துச் சீறுபவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): ஒரே வீரர் மூன்று நாட்டு கிளப்புகளின் சட்டையில் வருகிறாரே, தொகுப்புப் பிழையா?

பதில்: இல்லை. பலர் ஒரே வாரத்தில் பிரிட்டன், ஸ்வீடன், போலந்து லீக்குகளில் ஓடுகிறார்கள். ஒவ்வொரு நாட்டிலும் தனி வண்டி, தனி மெக்கானிக் வைத்துக்கொள்வோரும் உண்டு.

கேள்வி (சென்னை, காட்சித் தொடர்பியல் மாணவர்): மண் தட பைக் பந்தயத்தை ஆவணப்படமாக எடுக்கப் போகிறேன். கேமராவை எங்கே வைப்பது? ஒலியை எப்படிப் பதிவது?

பதில்: வளைவின் வெளிப்பக்கத் தடுப்பருகே ஒருபோதும் ஆளோடு கேமரா வைக்காதீர்கள். மண் அங்கேதான் பறக்கும், கட்டுப்பாடிழந்த வண்டியும் அங்கேதான் வரும். அமைப்பாளர் அனுமதித்தால் ஆளில்லாத சிறு கேமராவை முன்பாதுகாப்புக் கண்ணாடியோடு பொருத்தலாம். கண்ணாடியை ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் முதலில் ஊதி, பிறகு துடையுங்கள். நேராகத் துடைத்தால் துகள் கீறிவிடும்.

முக்கியக் கேமரா, வளைவு முழுவதும் தெரியும் உயரத்தில், முதல் வளைவின் நுழைவை நேராகப் பார்க்கும்படி இருக்கட்டும். நீள லென்ஸ் வண்டிகளை நெருக்கமாகக் காட்டும், ஆனால் இடைவெளியைப் பொய்யாக்கும். ஆகவே ஒவ்வொரு ஹீட்டுக்கும் அகலக் கோணப் பதிவு ஒன்று வெட்டின்றி இருக்க வேண்டும். ஷட்டரை நொடியில் 1/50 அளவில் வைத்து வண்டியோடு கேமராவைத் திருப்பினால் பின்னணி கலங்கி வேகம் தெரியும். மண் துகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் 1/1000-க்கு மேல் போங்கள். மெதுவோட்டத்தை அளவோடு வையுங்கள். அது சறுக்கலை நடனம் போல் ஆக்கிவிடும், வீரரின் கை செய்யும் உழைப்பை மறைத்துவிடும். வண்டியில் பொருத்தும் கேமராவில் தொடுவானத்தை நேராக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாய்வே தெரியாது.

ஒலிக்கு, தொடக்கக் கோட்டருகே வைக்கும் மைக்கின் அளவை நான்கு எஞ்சினும் முழு வேகத்தில் கத்தும்போது சோதித்து நிர்ணயியுங்கள். ஒரு வண்டியை மட்டும் வைத்துச் சோதித்தால் டேப் எழும்பும் கணத்தில் பதிவு உடைந்துவிடும். இரண்டாவது ஒலித்தடத்தில் 12 டெசிபல் குறைத்து அதே ஒலியைப் பதிந்து வைத்தால் காப்பாற்றிக்கொள்ளலாம். பிட்ஸில் தனி மைக் வையுங்கள், ஆனால் வீரர் வண்டியை உயிர்ப்பிக்கும் நேரத்தில் மெக்கானிக்குக்கு இடைஞ்சலாக நிற்காதீர்கள். ஒவ்வொரு ஹீட் முடிந்ததும் ஹீட் எண், கேட் எண் (டேப்பில் நின்ற இடம்), ஹெல்மெட் நிறம், வீரர் பெயர், முடிவு ஐந்தையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தொகுப்பறையில் அந்தத் தாள் இல்லாமல் உட்காராதீர்கள்.